கதிர்வீச்சு என்றால் எந்தக் கதிர்வீச்சு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முதல் இடம் வைரஸுக்கு. இரண்டாவது இடம் வைஃபை ரவுட்டருக்கு. "இரவில் அதை அணைத்துவிட வேண்டுமா? கதிர்வீச்சு வருமாமே, குழந்தைகளுக்கு ஆகாதாமே?" என்று கேட்கிறார்கள்.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குலசேகரன்பட்டினம். எங்கள் பக்கம் சுருக்கமாகக் குலசை என்போம். தசராவுக்கு ஊருக்குப் போனால் நான்கு வீட்டிலாவது கம்ப்யூட்டர் பார்க்கக் கூப்பிடுவார்கள். அங்கேயும் இதே கேள்விதான். "இந்தப் பெட்டியில இருந்து கதிர்வீச்சு வருமாம்லா தம்பி?" என்று அத்தைமார் கேட்பார்கள்.

"வரும்" என்றால் பயந்துவிடுவார்கள். "வராது" என்றால் அது பொய். சரியான பதில் என்ன தெரியுமா? "எந்தக் கதிர்வீச்சைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பதுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத இரண்டு விஷயங்களுக்கு நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். அதனால் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறோம். கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறோம். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே கடற்கரையில் இரண்டும்

எங்கள் கடற்கரையில் இந்த இரண்டு வகையும் உண்டு. குலசையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர் தென்மேற்கே கூடங்குளம் அணுமின் நிலையம். அதன் முதல் உலை 2013-லும், இரண்டாவது உலை 2016-லும் இயங்கத் தொடங்கின. அதையும் தாண்டிப் போனால் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. அங்கே கடல் மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. இது மனிதன் கொண்டுவந்து போட்டதல்ல, இயற்கையாகவே கதிரியக்கம் உள்ள மணல்.

இன்னொரு பக்கம் செல்போன் டவர்கள், வீட்டுக்கு வீடு வைஃபை. குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து இலங்கையைச் சுற்றிப் போகாமல் நேராகத் தெற்கே கடல் மேல் ராக்கெட் விடலாம் என்பதால் எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டுகளுக்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏவுதளம் என்றால் ராக்கெட்டைப் பின்தொடரும் ராடார்கள் இல்லாமல் முடியாது. "ராடார்ல இருந்தும் கதிர்வீச்சுதான வரும்?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள்.

கூடங்குளம், மோனசைட் மணல், டவர், வைஃபை, ராடார் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், கதிர்வீச்சு. முதல் இரண்டும் ஒரு ஜாதி. மற்ற மூன்றும் வேறு ஜாதி.

நுங்குக் குலையும் மயிலிறகும்

சரி, வித்தியாசம் என்ன? கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒளி, ரேடியோ அலை, எக்ஸ்ரே எல்லாமே மின்காந்த அலைகள்தான். இவை தங்கள் ஆற்றலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கொண்டு வருகின்றன. அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் போட்டான். அதிர்வெண் கூடக் கூட ஒவ்வொரு பொட்டலத்தின் ஆற்றலும் கூடும்.

நம் உடலில் உள்ள ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அப்படிப் பிய்ப்பதற்குத்தான் அயனியாக்கம் என்று பெயர். எக்ஸ்ரேக்கும் காமா கதிருக்கும் அந்தச் சக்தி உண்டு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயின் ஒரு போட்டானில் பல்லாயிரம் எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். அது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை அறுக்கலாம். அறுந்தது சரியாக ஒட்டாவிட்டால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். தோரியம், யுரேனியம் போன்றவை வெளிவிடும் கதிர்களும் இந்த வகைதான்.

இப்போது உங்கள் வைஃபையைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு போட்டானில் இருப்பது 0.00001 எலக்ட்ரான் வோல்ட். தேவையான 10-இல் 10 லட்சத்தில் ஒரு பங்கு! உங்கள் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தின் போட்டானில்கூட 2 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. அதாவது வைஃபையைவிட 2 லட்சம் மடங்குக்கு மேல். டியூப்லைட்டுக்கு யாராவது பயப்படுகிறோமா?

"ஒரு போட்டானால் முடியாவிட்டால் என்ன, கோடிக்கணக்கில் வந்தால்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. எங்கள் பக்கத்து உடன்குடிப் பனை மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நுங்குக் குலையை வெட்டி இறக்க அரிவாள் வேண்டும். லட்சம் பேர் வரிசையில் நின்று மயிலிறகால் தட்டினாலும் குலை விழாது. அரிவாள் ஒரே வெட்டில் இறக்கிவிடும். எக்ஸ்ரே அரிவாள். வைஃபை மயிலிறகு.

இரண்டுக்கும் நடுவில் சூரியனின் புற ஊதாக் கதிர் இருக்கிறது. தரைக்கு வரும் புற ஊதாக் கதிர் அயனியாக்காது. ஆனாலும் தோல் செல்லின் டி.என்.ஏ.வைக் கெடுக்கும் அளவுக்கு அதற்குச் சக்தி உண்டு. உச்சி வெயிலில் நிற்பவர்கள் அதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

கம்ப்யூட்டருக்கும் இந்த வித்தியாசம் தெரியும்

2003 மே மாதம் பெல்ஜியம் நாட்டில் ஷார்பேக் என்ற ஊரில் எலக்ட்ரானிக் முறையில் தேர்தல் நடந்தது. ஒரு வேட்பாளருக்கு, வாங்கவே முடியாத அளவு ஓட்டு விழுந்திருந்தது. திரும்ப எண்ணியபோது சரியாக 4096 ஓட்டு அதிகம் என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் பொறி தட்டும். 2-ஐ 12 முறை பெருக்கினால் 4096. மெமரியில் ஒரே ஒரு பிட், 0-விலிருந்து 1 ஆக மாறியிருக்கிறது! சாஃப்ட்வேரில் பிழை எதுவும் கிடைக்கவில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் சிப்பைத் தாக்கியிருக்கலாம் என்பதே நிபுணர்கள் சொன்ன விளக்கம். இதனால்தான் செயற்கைக்கோள்களுக்குக் கதிர்களைத் தாங்கும் சிப்களைத் தேடுகிறார்கள். பெரிய சர்வர்களில் பிழை திருத்தும் மெமரி போடுகிறார்கள்.

காஸ்மிக் கதிர் அயனியாக்கும் வகை. உங்கள் லேப்டாப்பில் மெமரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே வைஃபை ஆன்டெனா இருக்கிறது. அதற்காக யாரும் மெமரிக்குக் கவசம் போடுவதில்லை.

பழைய 2ஜி செல்போனை ஸ்பீக்கர் அருகே வைத்தால் 'டர்ர் டர்ர்' என்று சத்தம் வருமே, அது என்ன? ரேடியோ அலையை ஸ்பீக்கரின் ஒயர் ஆன்டெனா போலப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கிச் சத்தமாக்குகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் ரேடியோ அலை ஒன்றுமே செய்யாதா?

செய்யும். சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்தான். ஆனால் அடுப்பு 700 முதல் 1000 வாட் ஆற்றலை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்துவைத்துச் சமைக்கிறது. வீட்டு ரவுட்டர் சுமார் 0.1 வாட்டை வீடு முழுக்கப் பரப்புகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரவுட்டரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழுவது 0.008 வாட். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 10 வாட். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2 மீட்டர் தள்ளிப் போனால் அதுவும் கால்வாசியாகக் குறைந்துவிடும்.

ராடாருக்கும் இதே விதிதான். பக்கத்தில், அதன் கதிர் பாயும் பாதையில் நின்றால் உடம்பு சூடாகும். அது உண்மையான ஆபத்து. அதனால்தான் வேலி போட்டு, தூரம் குறித்து, ஆட்களை விலக்கி வைக்கிறார்கள். சூடு ஓர் அளவைத் தாண்டாதவரை நம் ரத்த ஓட்டமே அதை வாங்கிக்கொண்டு போய்விடும்.

செல்போன் டவர்களுக்கு இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்று இருந்தது 0.45 ஆனது. செல்போனின் கதிர் உடலில் இறங்கும் அளவு கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் அப்போதுதான் வந்தது. உங்கள் போனில் *#07# அடித்துப் பாருங்கள். அதன் அளவு திரையில் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. டவர் தூரமாக இருந்தால் செல்போன் கத்திப் பேச வேண்டியிருக்கும். அதாவது தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். டவர் பக்கத்தில் இருந்தால் முணுமுணுத்தாலே போதும். நம் தலைக்கு மிக அருகில் இருக்கும் ஆன்டெனா டவரில் இல்லை, கையில் இருக்கிறது. எனவே "எங்கள் தெருவில் டவர் வேண்டாம்" என்று விரட்டினால், காதோரத்தில் கிடைக்கும் அளவு கூடுமே தவிரக் குறையாது.

சந்தேகமே கிடையாதா?

உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை 2பி என்ற பட்டியலில் சேர்த்தது. 'புற்றுநோய் வரவழைக்கக் கூடும், ஆனால் ஆதாரம் போதாது' என்பது அதன் பொருள். இதே 2பி பட்டியலில் ஆசிய முறையில் போடும் காய்கறி ஊறுகாயும் இருக்கிறது. நிச்சயம் புற்றுநோய் தரும் என்ற முதல் பட்டியலில் யார் யார் தெரியுமா? எக்ஸ்ரே, காமா கதிர், வெயில், புகையிலை, நம் தாம்பாளத்தில் இருக்கும் கொட்டைப்பாக்கு! வெற்றிலைப் பாக்கைக் குதப்பிக்கொண்டே வைஃபையைத் திட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2018-இல் அமெரிக்க அரசு ஆய்வு ஒன்றில், தினம் 9 மணி நேரம், 2 ஆண்டுகள், மிக அதிக அளவு ரேடியோ அலையில் வைத்த ஆண் எலிகளில் இதயக் கட்டிகள் தென்பட்டன. ஆனால் அதே எலிகள் மற்ற எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. மனிதர்களிடம் செய்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட பெரிய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லை என்பதே அதன் முடிவு. ஆய்வு தொடரட்டும். அதற்குள் வீட்டில் நடுங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்கிறேன்.

பயம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டினால்...

"பயந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?" என்று நீங்கள் நினைக்கலாம். நஷ்டம் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மருமகள் இரண்டு மாதக் கர்ப்பம். அவளுக்காக ரவுட்டரை அணைத்துப் பரணில் போட்டார்கள். செல்போனை அடுத்த அறையில் வைக்கச் சொன்னார்கள். ஒருநாள் படியில் சறுக்கி இடுப்பில் அடி. எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார்கள். அந்த அறை வாசலில் 'கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று பெரிதாக எழுதியிருந்தது. கூடப் போன மூன்று பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எக்ஸ்ரே எடுப்பவர் தானாகக் கேட்டபிறகுதான் சொன்னார்கள். உடனே டாக்டரிடம் கேட்டு எக்ஸ்ரேயைத் தள்ளிவைத்தார்கள். அந்தப் பெண்ணும் குழந்தையும் இன்று நலம். ஆனால் யோசித்துப் பாருங்கள். மயிலிறகைப் பரணில் ஏற்றியவர்கள், அரிவாளின் முன்னால் மௌனமாக நின்றிருக்கிறார்கள்.

இன்னொன்று. 5ஜி-யிலிருந்து காப்பாற்றும் என்று சொல்லிச் சில டாலர்களும் கைச்சங்கிலிகளும் ஆன்லைனில் விற்கின்றன. 2021 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 10 பொருட்களைச் சோதித்தது. பத்திலும் கதிரியக்கம் இருந்தது. அயனியாக்கும் வகை! அவற்றில் ஒன்று குழந்தைகளுக்கான கைச்சங்கிலி. நீண்ட நாள் அணிந்தால் தீங்கு வரலாம், கழற்றிப் பத்திரமாக மூடி வைத்துத் திருப்பிக் கொடுங்கள் என்று எச்சரித்தார்கள். இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கும் ஆபத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட கதை இது.

சினிமாவும் தன் பங்குக்குச் செய்தது. 2018 நவம்பரில் வந்த 2.0 படத்தில், பறவைகள் சாவதற்குச் செல்போன் டவர்தான் காரணம் என்று காட்டினார்கள். படம் வருவதற்கு முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. 2021 மே மாதம் கொரோனா பரவுவதற்கு 5ஜி சோதனைதான் காரணம் என்று வதந்தி கிளம்பியது. அப்போது இந்தியாவில் அந்தச் சோதனை தொடங்கவே இல்லை என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

உண்மையான கதிர்வீச்சு விபத்து எப்படி இருக்கும்? 2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வுக்கருவி ஒன்றை ஏலத்தில் எடுத்த பழைய இரும்புக்கடைக்காரர்கள் அதைப் பிரித்துப் போட்டார்கள். உள்ளே கோபால்ட்-60. தோல் கருகிச் சிலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். அந்தக் கருவிக்கு ஆன்டெனாவும் இல்லை, மினுக்கும் விளக்கும் இல்லை. பார்த்தால் வெறும் இரும்பு.

அயனியாக்கும் கதிரிலும் அளவு முக்கியம். இயற்கையாகவே உலகில் ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1-க்கும் கீழே. வயிற்று சி.டி. ஸ்கேன் ஒன்று 8 முதல் 10 வரை. கேரளத்தில் கருநாகப்பள்ளியிலும் நம் மணவாளக்குறிச்சி போலவே தோரிய மணல் உண்டு. அங்கே சுமார் 70 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. புற்றுநோய் கூடியதாக அது காணவில்லை. ஆகவே எக்ஸ்ரே என்றதும் ஓட வேண்டாம். ஆனால் எவ்வளவு என்று கேட்பது நம் உரிமை. கூடங்குளத்தைப் பற்றி 2011-இல் இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருந்தாலும், அது கேட்க வேண்டிய இடத்தில் கேட்ட கேள்வி. அதே கேள்வியை ரவுட்டரிடம் கேட்பதில் பயன் இல்லை.

என்ன செய்யலாம்?

* ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள். சிக்னலும் நன்றாகக் கிடைக்கும். இரவில் அணைப்பது உங்கள் விருப்பம். கரன்ட் மிச்சம், பிள்ளைகளும் நேரத்தோடு தூங்குவார்கள். உடல்நலத்துக்காக அணைக்கத் தேவையில்லை.

* லேப்டாப்பை மடியில் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்யாதீர்கள். வைஃபைக்காகச் சொல்லவில்லை. அடியில் வரும் சூடு தோலைக் கெடுக்கும்.

* மானிட்டர் அருகே கள்ளிச்செடி வைத்தால் கதிர்வீச்சை உறிஞ்சும் என்பது கட்டுக்கதை. பழைய குண்டு மானிட்டர்களில் உண்டாகும் சிறிதளவு எக்ஸ்ரேயை அவற்றின் கனமான கண்ணாடியே தடுத்துவிடும். இன்றைய தட்டை மானிட்டரில் எக்ஸ்ரே உண்டாவதே இல்லை.

* செல்போனில் நெடுநேரம் பேசுபவர்கள் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். செலவில்லாத முன்ஜாக்கிரதை. கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர், சிப், டாலர் எதையும் வாங்காதீர்கள்.

* 'ஸ்கேன்' என்ற சொல்லிலும் இதே குழப்பம் உண்டு. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ரா சவுண்டு வெறும் ஒலி. எம்.ஆர்.ஐ. என்பது காந்தமும் ரேடியோ அலையும். இரண்டும் அயனியாக்காதவை. சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரேயும் அயனியாக்குபவை. டாக்டர் அவசியம் என்றால் தயங்காமல் எடுங்கள். நீங்களாகப் போய், "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துருங்க" என்று கேட்காதீர்கள். பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் பத்திரமாக வைத்திருந்தால், திரும்ப எடுக்க வேண்டி வராமல் போகலாம். கர்ப்பமாக இருந்தால், அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. வைஃபை, செல்போன், ராடார் ஆகியவற்றைப் பேசும்போது 'ரேடியோ அலை' என்றே சொல்வோம். அது பாட்டியின் காலத்திலிருந்து வீட்டுக்குள் வந்துபோகும் பழைய விருந்தாளி. திருநெல்வேலி வானொலி நிலையத்தின் அலையும் அதுதான், வைஃபையும் அதுதான். 'கதிர்வீச்சு' என்ற சொல்லை எக்ஸ்ரேக்கும் அணு உலைக்கும் தோரியத்துக்கும் ஒதுக்கிவைப்போம். பத்திரிகைகளும் பள்ளிக்கூடங்களும் இதைச் செய்தால் பாதிப் பயம் தெளிந்துவிடும். மிச்சம் இருக்கும் பாதி, தேவையான பயம். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே அறை வாசலில் உதவும்.